காருக்குப் பூசிய பைபர்

மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டியில் படகு ஓட்டை என்றாலும் முஹைதீன்தான், புதுப் படகு என்றாலும் முஹைதீன்தான். பள்ளிக்கூடம் அவரை ஐந்தாம் வகுப்புவரை வைத்துப் பார்த்தது. அதற்குமேல் அவரைத் தாங்க அதனால் முடியவில்லை என்பது அவர் சொல்லும் கணக்கு. கையெழுத்துப் போடுவார், பேப்பரில் பெரிய எழுத்தை வாசிப்பார், மிச்சத்தை யாராவது வாசிக்கக் கேட்டுக்கொள்வார். ஆனால் ஒரு படகைக் கவிழ்த்துப் போட்டு அதன் அடியில் உள்ளங்கையால் ஒருமுறை தடவினால் போதும், அது எங்கே எதில் உரசியது, எவன் அதற்கு அரைகுறையாக ஒட்டுப் போட்டான் என்பதுவரை சொல்லிவிடுவார். சொல்லிவிட்டு, ஒட்டுப் போட்டவனின் வாப்பாவையும் சேர்த்து இரண்டு வார்த்தை சொல்வார்.

தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களை இயக்கம் வெளியேற்றியபோது ஊரோடு ஊராகக் கடல்வழியே வெளிக்கிட்டுக் கற்பிட்டிக் கரையில் இறங்கியபோது அவருடைய கையில் இருந்தது புதுப் பெண்சாதி சபூராவின் கை மட்டும். அங்கே கண்ணாடியிழையில், அதாவது பைபரில், படகு செய்யும் ஒரு பட்டறையில் ரெசின் என்ற பிசின் வாளி தூக்கினார். தூக்கியபடியே தொழிலைக் கண்ணால் களவெடுத்தார். பைபர் துணியை எப்படி விரிப்பது, ரெசினை எவ்வளவு ஊற்றினால் இறுகும், எவ்வளவு ஊற்றினால் கொதித்துப் பிளக்கும் என்று ஒருவரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. சண்டை முடிந்து ஊர் திரும்பியவர்களில் முதலில் கொட்டில் போட்டுத் தொழில் தொடங்கியவர் அவர்தான். படகு, தண்ணீர்த் தாங்கி, மீன்காரர்களுக்கு ஐஸ் பெட்டி என்று எல்லாம் செய்தார். இவருடைய பெட்டியில் போட்ட ஐஸ் கடலில் இரண்டு நாள் கிடந்தாலும் கல்லாகவே கரைக்கு வரும். பேசாலையில் இருந்தும் சிலாவத்துறையில் இருந்தும் ஆட்கள் வந்து நின்று வாங்கிப் போனார்கள்.

இப்படிப்பட்ட மனிதர் பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற வருஷத்தில் சும்மா இருப்பாரா? கொழும்புக்குப் போய், ஜப்பானில் ஓடிக் களைத்து இங்கே வந்த ஒரு மின்சாரக் காரை வாங்கிக்கொண்டு வந்து இறங்கினார். அதற்கு சார்ஜ் ஏற்ற வீட்டுக் கூரையில் சூரியத் தகடு போட்டார். மன்னார் பெற்றோல் நிலையத்தில் வரிசை நீண்டு கிடந்த நாட்களில், அந்த வரிசைக்குப் பக்கத்தால் கண்ணாடியை இறக்கி முழங்கையை வெளியே போட்டுக்கொண்டு மெதுவாக ஓட்டிப் போனார். வேகமாக ஓட்டினால் பார்க்கமாட்டார்கள் அல்லவா.

கார் பெருமைக்கு மட்டும் வந்ததில்லை. சபூராவுக்கு இதயம் பலவீனம். மாதத்துக்கு ஒருமுறை வவுனியாவில் கிளினிக். கால் வீங்கும், மூச்சு வாங்கும், தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். வெயிலில் வாடக்கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வெயிலில் வாடினால் தண்ணீர் குடிக்க வேண்டும், தண்ணீர் குடித்தால் நெஞ்சில் நீர் கட்டும். இரண்டு பக்கமும் அடைத்த வருத்தம் அது.

புத்தளத்தில் கடை வைத்திருக்கும் மகன் அஸ்மி அங்கே மேல்மாடியில் ஓர் அறையை ஏசி பூட்டி ஆயத்தமாக வைத்திருந்தான். ஆஸ்பத்திரி பக்கத்தில், டொக்டர்மார் பக்கத்தில், வந்துவிடுங்கள் என்று ஒவ்வொரு பெருநாளுக்கும் கேட்டான். முஹைதீனுக்கு அந்தப் பேச்சே ஆகாது. ஒருமுறை ஊரை விட்டுப் போய் இருபது வருஷம் அடுத்தவன் கரையில் கிடந்தாயிற்று. இனி இந்த ஊரை விட்டுப் போவதென்றால் மையத்துத் தூக்கும் சந்தூக்கில்தான் என்று அவர் பள்ளிவாசல் முற்றத்தில் பலர் கேட்கச் சொல்லியிருக்கிறார்.

கடைசியில் போன நோன்புப் பெருநாளன்று தகப்பனும் மகனும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். உம்மாவைக் குளிரக் குளிரக் கூட்டிக்கொண்டு போய்க் குளிரக் குளிரக் கூட்டிவர வாப்பாவின் கார் இருக்கும்வரை இங்கே இருக்கலாம். ஒருநாள், ஒரே ஒருநாள், அந்தக் கார் நடுவழியில் கைவிட்டால் அதற்குப் பிறகு பேச்சில்லை, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். முஹைதீன் கையை நீட்டி மகனின் கையில் அடித்துக் கொடுத்தார். சபூரா அப்போது குசினியில் வட்டிலப்பத்தை இறக்கிக்கொண்டிருந்தாள்.

எங்கள் கரையில் ஒரு பழக்கம் உண்டு. சைக்கிளோ, மோட்டர் சைக்கிளோ, தண்ணீர் இறைக்கும் மெசினோ, புதிதாக எந்த இரும்பு வீட்டுக்கு வந்தாலும் முதல் வேலை அதன் அடியை மூடுவது. பழைய எஞ்சின் ஒயில் தடவுவார்கள், கிறீஸ் அப்புவார்கள், வசதியிருந்தால் தார் பூசுவார்கள். உப்புக் காற்றுப் படாத இரும்புதான் இங்கே ஆயுளோடு இருக்கும். மாரி முடிந்த கையோடு முஹைதீன் காரைப் படகுக் கட்டைகளில் ஏற்றிப் பார்த்தார். பாலத்தில் தெறித்த உப்புத் தண்ணீர் பட்டுப் பற்றரிப் பெட்டியின் ஓரங்களில் துரு பிடிக்கத் தொடங்கியிருந்தது. இந்தக் காருக்குப் பற்றரிதான் உயிர். இருக்கைகளுக்குக் கீழே, காரின் அடி முழுக்கப் பரந்து கிடக்கும் பெரிய இரும்புப் பெட்டி அது.

வேறு ஒருவன் என்றால் கிறீஸோடு விட்டிருப்பான். முஹைதீன் ஒயிலும் கிறீஸும் பூசுகிற ஆளா? பெட்டியின் அடியைத் தேய்த்துத் துடைத்து, பைபர் துணி விரித்து, ரெசின் ஊற்றி, அதற்குமேல் ஐஸ் பெட்டிக்குப் போடும் நுரைப் பலகையை வைத்து, மறுபடியும் பைபர் போட்டு, முன்சில்லில் இருந்து பின்சில்லுவரை ஒரு படகின் அடியைப் போல வழுவழுவென்று மூடிவிட்டார். கடலில் இறக்கினாலும் மிதக்கும் என்றார். ஊரில் பாதிப் பேர் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நெய்னாப்பிள்ளை என்ற கிழவர் படுத்தே பார்த்தார். எழும்ப இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது.

மாசியில் வவுனியாவுக்குப் போனபோது ஒன்றும் தெரியவில்லை. பங்குனியில்தான் முஹைதீன் அதைக் கவனித்தார். காரின் திரையில் ஓர் ஓரமாகப் பற்றரியின் சூட்டைக் காட்டும் சின்னச் சின்னக் கட்டங்கள் இருந்தன. நடுவில் நின்றால் சுகம். மேலே சிவப்பில் ஏறினால் கார் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும், திரையில் ஓர் ஆமைப் படம் எரியும். பங்குனியில் கட்டங்கள் சிவப்புக்கு ஒன்று கீழேவரை ஏறின. வீட்டுக்கு வந்து நிறுத்தினால் விடியும்வரை இறங்கவும் இல்லை. வெயிலின் கோளாறு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அடுத்த தடவை புறப்படும்போது திரையின் அந்த மூலையில் ஓர் ஊதுபத்திப் பெட்டியைச் சாய்த்து வைத்தார். சபூராவின் கண்ணுக்குப் படக்கூடாது. அஸ்மி போனில் கேட்டபோது, கார் பனிக்கட்டி மாதிரி ஓடுகிறது என்றார்.

சித்திரைக் கிளினிக் வந்தது. வாடைக் காற்று ஓய்ந்து, சோளகக் காற்று இன்னும் எழும்பாத நாட்கள். தீவில் ஒரு மரத்திலும் இலை அசையவில்லை. விடியவே சுபஹு தொழுதுவிட்டு வெளிக்கிட்டதால் போகும்போது சுகமாகவே போய்ச் சேர்ந்தார்கள். சபூரா கிளினிக்கில் இருந்த நேரம் முஹைதீன் சார்ஜ் போடும் இடத்துக்குப் போனார். அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளும் றொட்னி என்பவர் திரையைப் பார்த்தார், ஊதுபத்திப் பெட்டியை நகர்த்திவிட்டும் பார்த்தார். வேகமாக ஏற்றினால் இன்னும் சூடாகும், மெதுவாக ஏற்றுகிறேன், பின்னேரம் வெயில் தாழ்ந்த பிறகு போங்கள் என்று தன்மையாகச் சொன்னார். இந்தக் காரில் பற்றரியைக் குளிர்விக்கத் தண்ணீரும் இல்லை, காற்றாடியும் இல்லை, ஓடும்போது அடியில் படும் காற்றுத்தான் எல்லாம் என்றும் சொன்னார்.

முஹைதீனுக்குச் சிரிப்பு வந்தது. தான் அடியில் செய்துவைத்திருக்கும் வேலையைத் தெரியாமல் பேசுகிறார் என்று நினைத்தார். அதோடு பின்னேரம்வரை நிற்கவும் வழியில்லை. கிளினிக் நாளில் அஸ்மி மத்தியானம் தாண்டியதும் முகம் தெரியும் கோல் எடுப்பான். உம்மா வீட்டுக் கதிரையில் சாய்ந்திருப்பதை அவன் கண்ணால் பார்க்க வேண்டும். பார்க்கவில்லை என்றால் ஆயிரம் கேள்வி. வேகமாகவே ஏற்றுங்கோ என்றார். ஏற்றிக்கொண்டு, உச்சி வெயிலில் சபூராவை முன்னிருக்கையில் வைத்துப் புறப்பட்டார்.

மடுச் சந்தி தாண்டியும் ஏசி ஓடியது. சபூரா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். ஊதுபத்திப் பெட்டிக்குப் பின்னால் கட்டங்கள் சிவப்பைத் தொட்டுவிட்டன என்று முஹைதீனுக்குத் தெரியும், பெட்டியின் விளிம்பில் சிவப்பாக ஒரு கீற்றுத் தெரிந்தது. வேகத்தைக் குறைத்தார். குறைத்தால் நேரம் போகும். கூட்டினால் சூடு ஏறும். ஏசிக்கும் அதே பற்றரிதான், ஓட்டத்துக்கும் அதே பற்றரிதான். ஏசியை நிறுத்தினால் பற்றரிக்குச் சுமை குறையும், சபூராவுக்கு மூச்சு வாங்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவராக இருந்தது. முருங்கன் தாண்டியதும், வெளியே நல்ல காற்று, கண்ணாடியை இறக்குவோம் என்று சொல்லி ஏசியை நிறுத்தினார். வெட்டு முடிந்த வயல்வெளியில் இருந்து அடுப்பு வாய் திறந்ததுபோல அனல் உள்ளே வந்தது. சபூரா முக்காட்டின் நுனியால் கழுத்தைத் துடைத்தாள், கொஞ்சம் பொறுத்து மறுபடியும் துடைத்தாள்.

கட்டுக்கரைக் குளத்து வாய்க்கால் ஓரமாக வரும்போது ஆமை எரிந்தது. கார் இழுத்து இழுத்து நடை வேகத்துக்கு வந்துவிட்டது. பின்னால் வந்த பஸ் ஹோன் அடித்துக்கொண்டு முந்திப் போனது. கண்ணுக்கு எட்டிய தூரத்தில் ஒரேயொரு மருத மரம். அதன் நிழலில் கொண்டுபோய் ஒதுக்கினார். அதற்குமேல் ஓட்டினால் கார் அப்படியே நின்றுவிடும் என்று அவருக்கு விளங்கியது.

கணக்கைப் போட்டுப் பார்த்தார். சார்ஜ் இன்னும் இருக்கிறது. ஏசி போடாமல் பின்னேரம்வரை இங்கே நின்று, வெயில் தாழ்ந்ததும் மெல்ல உருட்டிக்கொண்டு போனால் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். ஒருவருக்கும் தெரிய வராது. வழியில் ஒரு தெரிந்தவர் வீட்டில் இறங்கினோம் என்று அஸ்மிக்குச் சொல்லிவிடலாம். ஆனால் அதுவரை சபூரா இந்த அனலில் இருக்க வேண்டும். ஏசியைப் போட்டுவிட்டால் சார்ஜ் கரைந்துவிடும், கார் சொந்தக் காலில் ஊருக்குப் போகாது. கார் போகாவிட்டால் வீடும் இல்லை, கொட்டிலும் இல்லை, கடலும் இல்லை.

அவர் இறங்கினார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் குப்புறப் படுத்துக் கையை அடியில் விட்டார். பைபரைத் தடவினார். முகம் மலர்ந்துவிட்டது.

"சபூரா, இந்தா, தொட்டுப் பார் எண்டா நீ தொடமாட்டாய். அடியில சூடே இல்லை. குளிர்ந்துபோய்க் கிடக்கு. மெசின் பொய் சொல்லுது."

சபூரா கதவைத் திறந்து காலை வெளியே வைத்திருந்தாள். கணுக்கால்கள் வீங்கியிருந்தன. மூச்சு எடுத்துக்கொண்டுதான் பேசினாள்.

"இஞ்சாருங்கோ. ஆரும் ஐஸ் பெட்டி வாங்க வந்தா, வெளிப்பக்கத்தத் தடவிப் பாருங்கோ எண்டு சொல்லுவீங்கள். ஏன் அப்படிச் சொல்லுறனீங்கள்?"

"வெளியால சில்லெண்டு இருந்தா பெட்டி பிழை. குளிர் கசியுது. நல்ல பெட்டி எண்டா உள்ளுக்கு என்ன கிடக்குது எண்டு வெளியால தெரியவே தெரியாது." சந்தையில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் அது, கேட்டதும் தானாக வந்துவிட்டது.

"ஓம்," என்றாள் சபூரா. "நல்ல பெட்டிதான் செய்திருக்கிறீங்கள்."

முஹைதீன் படுத்தபடியே கிடந்தார். தலைக்கு மேலே, அவருடைய கையால் விரித்த பைபருக்கும் நுரைக்கும் அந்தப் பக்கம், பற்றரி வெந்துகொண்டிருந்தது. அந்தச் சூட்டுக்கு வெளியே வர ஓர் ஊசித் துவாரம்கூட அவர் விடவில்லை. மற்றவன் என்றால் எங்காவது ஓர் ஓரத்தைப் பிழையாக ஒட்டியிருப்பான், கொஞ்சம் காற்றாவது போயிருக்கும். இது முஹைதீனின் கை. அவர் ஒட்டினால் ஒட்டினதுதான்.

எழும்பி வந்து பார்த்தபோது சபூராவின் உதடு வெளிறியிருந்தது. தண்ணீர் என்று கேட்கவும் அவளுக்குப் பயம், இன்றைக்குரிய அளவு முடிந்துவிட்டிருந்தது. அவர் அவளுடைய கால்களைத் தூக்கி உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார். கண்ணாடிகளை ஏற்றினார். ஏசியைக் கடைசிவரை திருகிவிட்டார். ஊதுபத்திப் பெட்டியை எடுத்து வாய்க்காலுக்குள் எறிந்தார். சபூரா உள்ளிருந்து, நீங்களும் வந்து இருங்கோ என்று கையால் காட்டினாள். அவர் மாட்டேன் என்று தலையாட்டினார். ஓர் உடம்பு கூடினால் ஒரு சூடு கூடும். வெளியே மரத்தடியில் நின்றுகொண்டார். உச்சி வெயிலில் அந்த மரத்துக்கே நிழல் போதவில்லை.

பாப்பாமோட்டைக் கனகரத்தினத்துக்குப் போன் எடுத்தார். கனகரத்தினம் வயல்காரர். நெல் வெட்டும் மெசின் ஒன்றை வைத்து ஊர் ஊராக வாடகைக்கு விடுகிறவர். அந்த மெசினை ஏற்றி இறக்கப் பலகை வைத்த பெரிய லொறி அவரிடம் இருந்தது. வெட்டுக்காலம் முடிந்து லொறி சும்மா நின்றது. முஹைதீன் சுற்றி வளைத்துச் சுகம் விசாரித்தார், மழையைப் பற்றிக் கேட்டார், பிறகு சொன்னார். அந்தப் பக்கம் இருமல் கேட்டது. சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. வாறன் நானா, அங்கேயே நில்லுங்கோ என்றார் கனகரத்தினம். எங்கே போவது, நின்றார்.

அப்போதுதான் காருக்குள் சபூராவின் போன் வெளிச்சம் போட்டது. அஸ்மி. கண்ணாடிக்கு உள்ளே இருந்து அவள் போனைத் தூக்கிக் காட்டினாள். எடுக்கவா வேண்டாமா என்று கேட்பதுபோல இருந்தது. அடிக்க விடலாம். போன் கோபுரம் இல்லாத இடம், சிக்னல் கிடைக்கவில்லை என்றால் அவன் நம்புவான். முஹைதீன் கதவை ஒரு விரல் அளவு திறந்து போனை வாங்கினார், குளிர் வெளியே போகாமல் உடனே சாத்தினார்.

"வாப்பா, எங்க நிக்கிறீங்கள்? பின்னால மரம் தெரியுது."

"றோட்டில. கார் நிண்டிட்டுது மகன்."

"உம்மா?"

"ஏசிக்குள்ள இருக்கிறா. நான் வெளியால." அவர் போனைத் திருப்பிக் கண்ணாடி வழியே காட்டினார். சபூரா கையசைத்தாள். "மெசினில பிழை இல்லை. நான்தான் அடியை அடைச்சு அதை அவிச்சுப்போட்டன். கனகரத்தினம் லொறி கொண்டு வாறார். சொன்ன சொல் சொன்னதுதான். நீ வா."

அஸ்மி ஒன்றும் குத்திப் பேசவில்லை. வெள்ளிக்கிழமை வாறன் என்று மட்டும் சொன்னான். அவன் திட்டியிருந்தால் முஹைதீனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கனகரத்தினம் லொறியை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கி, காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். குனிந்து அடியைப் பார்த்தார்.

"நானா, இதைக் கடலாலயே கொண்டுபோயிருக்கலாம். லொறியைக் கூப்பிட்டிட்டீங்கள்."

முஹைதீன் லொறியில் இருந்து கயிற்றை இறக்கினார். அவர் பதில் சொல்லாமல் விட்டதைக் கனகரத்தினம் வாழ்நாளில் முதல்முறை கண்டார், அதனால் அதற்குமேல் பகிடி விடவில்லை. பலகையைச் சரித்துக் கயிறு போட்டு, ஆமை வேகத்திலேயே காரை லொறியில் ஏற்றினார்கள். சபூராவை லொறியின் முன்பக்கம் ஏற்றப் பார்த்தபோது உள்ளே எஞ்சின் சூடு முகத்தில் அடித்தது. அவள் திரும்பிக் காரைப் பார்த்தாள். அதில் இன்னும் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. நான் அதுக்குள்ளேயே இருக்கிறன் என்றாள். கனகரத்தினம் தலையைச் சொறிந்தார். பொலிஸ் கண்டால் என்ன சொல்லுவது என்றார். சபூரா கேட்கவில்லை.

அப்படித்தான் அவர்கள் மன்னாருக்குள் வந்தார்கள். லொறியின் மேலே கார், காருக்குள்ளே கண்ணாடி ஏற்றிய குளிரில் கறுப்பு அபாயாவோடு சபூரா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கீழே லொறியின் முன்பக்கத்தில், எஞ்சின் சூட்டில் கால் வேக, முஹைதீன். பாலத்தில் ஏறும்போது தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர்கள் எழும்பி நின்று பார்த்தார்கள். பெற்றோல் நிலையத்துக்கு முன்னால் லொறி சந்தியில் நின்றது. அங்கே எல்லோருக்கும் முஹைதீனைத் தெரியும். ஒருவர் வந்து, நானா, படகா காரா என்று கேட்டார். முஹைதீன் கண்ணாடியை ஏற்ற முயன்றார், அது பாதியில் இறுகி நின்றுவிட்டது. லொறி நகரும்வரை அவருக்கு முகத்தை வைக்க இடமில்லை.

அடுத்த நாளே முஹைதீன் காரைக் கட்டையில் ஏற்றி, வெட்டும் மெசினை எடுத்துக்கொண்டு அடியில் புகுந்தார். பைபர்த் தூள் உடம்பெல்லாம் ஊறி அரித்தது. கழற்றுவதற்கு இரண்டு நாள் எடுத்தது. அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்தது. ஒரு துண்டை உரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இப்படி ஒரு ஒட்டு இலங்கையில் எவனும் போடமாட்டான் என்று தனியாகச் சொல்லிக்கொண்டார். பிறகு அதைத் தூர எறிந்தார். பற்றரி ஆறியது. ஆனால் வெந்தது வெந்ததுதான். பழைய தூரத்தில் பாதிக்குமேல் இனி அது ஓடாது. மன்னார் டவுனுக்குப் போய்வரச் சரி. வவுனியா என்பது முடிந்த கதை.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு அஸ்மி வந்தான். குளிர்ந்த வான் ஒன்றை வாடகைக்குப் பிடித்துக் கொண்டுவந்திருந்தான். முஹைதீன் தன் உடுப்புகளை ஏற்கனவே ஒரு பெட்டியில் அடுக்கிக் கதவடியில் வைத்திருந்தார். கொட்டில் பூட்டின் திறப்பைப் பக்கத்து வீட்டு ஜமால்தீனிடம் கொடுத்தாயிற்று. மகனின் முகத்தைப் பார்க்காமல், வா, உம்மாட சாமானையும் எடு என்றார்.

சபூரா கதிரையை விட்டு எழும்பவில்லை.

"நான் எங்க போறன்?"

அஸ்மி குனிந்து உட்கார்ந்து, உம்மா, வாப்பா வாக்குக் குடுத்தவர் என்று மெதுவாகத் தொடங்கினான்.

"ஓம், அவர் குடுத்தவர். நீ வாங்கினனீ. ரெண்டு பேரும் என்ட நெஞ்சை வச்சுக் கையடிச்சீங்கள். என்னட்ட ஆரு கேட்டது? நான் குசினிக்குள்ள நிண்டனான்."

சபூரா மூச்சு எடுத்துக்கொண்டு சொன்னாள். காலையில் முதல் பஸ் இருட்டோடு போகிறது, அப்போது குளிர்தான். கிளினிக் முடிந்தால் ஆஸ்பத்திரி மண்டபத்தில் காற்றாடிக்குக் கீழே எத்தனையோ பேர் பகல் முழுக்கப் படுத்திருக்கிறார்கள், தானும் படுத்திருப்பாள். வெயில் இறங்கப் பின்னேர பஸ்ஸில் வருவாள். அன்றைக்கும் அப்படி நின்றிருக்கலாம். நிற்க விடாதது வெயில் இல்லை, அஸ்மியின் கோல்தான்.

"நீ கோல் எடுப்பாய் எண்டு இவர் என்னை உச்சி வெயிலுக்குள்ளால கொண்டு ஓடுறார். இவர் ஓடுறார் எண்டு நீ கோல் எடுக்கிறாய். நடுவில நான் வேகிறன்."

அஸ்மி நிறையப் பேசிப் பார்த்தான். கோபப்பட்டான், கெஞ்சினான், டொக்டரின் பேச்சை எடுத்தான். கடைசியில், ஒரு தரம் உங்களுக்கு முடியாமல் வந்தாலும் நான் வந்து தூக்கிக்கொண்டு போவன் என்றான். அது அப்போ பார்ப்பம் என்றாள் சபூரா. முஹைதீன் வாயைத் திறந்தார். நீங்கள் கதைக்கவேண்டாம் என்றாள். வான் வெறுமையாகத் திரும்பிப் போனது.

வைகாசிக் கிளினிக்குக்கு முதல் பஸ்ஸில் போனார்கள். பெருங்கூட்டம். ஒரே ஓர் இருக்கை கிடைத்தது, அதுவும் ஜன்னல் ஓரம். சபூரா உட்கார்ந்தாள். முஹைதீன் நடைபாதையில் நின்றார். முன்னால் ஒரு சாக்கு, பின்னால் ஒருவரின் முழங்கை, தலைக்கு மேல் பிடித்த கம்பியில் இருந்து கையை எடுக்கவும் முடியாமல், மூக்கில் அரித்ததைச் சொறியவும் முடியாமல், முருங்கன்வரை அப்படியே நின்றார். கொண்டக்டர் அவரை அடையாளம் கண்டுகொண்டு, பெரியவர் இன்றைக்கு எங்களோடையோ என்றான். சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள். முஹைதீனின் வாயில் ஒரு பெரிய பதில் வந்து நின்றது. அவர் கீழே பார்த்தார். திறந்த ஜன்னலில் இருட்டுக் கலையாத காற்று வீச, சபூரா வாயைக் கொஞ்சம் திறந்தபடி, மூச்சு வாங்காமல் நித்திரையாக இருந்தாள்.

"ரெண்டு வவுனியா," என்றார் முஹைதீன். "சத்தம் போடாம டிக்கெட்டை வெட்டு."